லேபிள் அச்சில் நேரும் கோளாறுகள்: அறிகுறியைக் கொண்டு காரணம் காணும் வழிமுறை

அச்சகத்திலிருந்து வந்த பெட்டியைப் பிரித்து முதல் லேபிளை உரித்துப் புட்டியில் ஒட்டும்போதே சில கோளாறுகள் தெரிந்துவிடுகின்றன. வேறு சில, ஒட்டி அடுக்கி வைத்து மூன்று நாள் கழிந்த பிறகே தலைகாட்டுகின்றன. அச்சுக்குப் போகும் லேபிள் கோப்புகளைச் சரிபார்க்கும் மேசையில் நான் நெடுங்காலம் வேலை செய்திருக்கிறேன். திரும்பி வந்த வேலைகளை ஆராய்ந்தபோது, கோளாறின் வேர் பெரும்பாலும் ஆர்டர் கொடுத்த நாளில் எவரும் கேட்காத, எவரும் சொல்லாத ஒரு தகவலில் இருக்கக் கண்டேன். டிசைன் எவ்வளவு அழகாக இருந்தாலும், அது எந்தப் பரப்பில் ஒட்டப்படும், எந்தச் சூட்டையும் ஈரத்தையும் தாங்க வேண்டும், கையால் ஒட்டப்படுமா இயந்திரத்தால் ஒட்டப்படுமா என்பவற்றை அறியாத அச்சகம், தன் வழக்கமான தாளில் வழக்கமான பசையோடு அச்சிட்டு அனுப்பிவிடும். ஆகவே கீழே வரும் அறிகுறிகளைப் படிக்கும்போது, கையில் இருக்கும் சரக்கை எப்படிக் காப்பாற்றுவது என்பதோடு, அடுத்த ஆர்டரில் எந்த வரியைச் சேர்ப்பது என்பதையும் குறித்துக்கொள்ளுங்கள்.

எந்தக் கோளாறாக இருந்தாலும் முதலில் கைபடாத இருபது லேபிள்களைப் பின்தாளோடு (லேபிளை உரித்தெடுக்கும் அடித்தாள்) வெட்டித் தனியே எடுத்து வையுங்கள். ரோலின் உட்குழலிலோ பெட்டியிலோ ஒட்டியிருக்கும் வேலை எண் சீட்டையும் கிழிக்காமல் பத்திரப்படுத்துங்கள். காரணத்தைக் கண்டுபிடிக்கவும், பின்னர் அச்சகத்தோடு பேசவும், இந்த இரண்டும் இல்லாமல் முடியாது.

ஓரமோ மூலையோ எழும்புகிறது

முதலில் அதே லேபிளை, நன்றாகத் துடைத்து உலர்த்திய கண்ணாடியில் ஒட்டி 24 மணி நேரம் விட்டுப் பாருங்கள். கண்ணாடியிலும் எழும்பினால் பசையையோ லேபிளின் தாளையோ சந்தேகிக்கலாம். கண்ணாடியில் உறுதியாகப் பிடித்துக்கொண்டு, உங்கள் கொள்கலனில் மட்டும் எழும்பினால், பசையும் பரப்பும் ஒன்றுக்கொன்று பொருந்தவில்லை என்று பொருள்.

பசை ஒரு பரப்பைப் பிடிக்க வேண்டுமானால், முதலில் அதன் மேல் நீர்போலப் பரவி நனைக்க வேண்டும். கண்ணாடியில் ஒரு நீர்த்துளியை விட்டால் அது படர்கிறது. பாலித்தீன் டப்பாவின் மேல் விட்டால் முத்தாகத் திரண்டு நிற்கிறது. நீருக்கு நேர்வதே பசைக்கும் நேர்கிறது. இப்படிப் படரவிடும் தன்மையைப் பரப்பு ஆற்றல் என்பார்கள்; அதை டைன் என்ற அலகில் குறிப்பார்கள். பாலித்தீன், பாலிபுரொப்பிலீன் ஆகியவற்றின் பரப்பு ஆற்றல் ஏறத்தாழ 30 டைன் அளவிலும், குடிநீர்ப் புட்டிகளில் காணும் பெட் பிளாஸ்டிக்கின் பரப்பு ஆற்றல் 40 டைனுக்குச் சற்று மேலும் இருக்கும். பெட் புட்டியில் நன்றாகப் பிடித்த லேபிள், அதே அளவுள்ள வேறு பிளாஸ்டிக் டப்பாவில் உரிந்து விழுவதற்குக் காரணம் இதுதான். கொள்கலனின் அடியைத் திருப்பிப் பாருங்கள். முக்கோணத்துக்குள் ஓர் எண் இருக்கும். 1 என்றால் பெட், 2 என்றால் அடர்த்தி மிகுந்த பாலித்தீன், 4 என்றால் அடர்த்தி குறைந்த பாலித்தீன், 5 என்றால் பாலிபுரொப்பிலீன். இந்த எண்ணை ஆர்டரில் எழுதுவது, பத்து வரி விளக்கம் எழுதுவதைவிடப் பயனுள்ளது. 2, 4, 5 ஆகியவற்றுக்குக் குறைந்த ஆற்றல் பரப்புக்கென உள்ள பசை வேண்டும் என்று சேர்த்துக் கேளுங்கள்.

பரப்பு ஒத்துவந்தும் எழும்பினால், அழுக்கைத் தேடுங்கள். எண்ணெய் போன்ற பொருளை நிரப்பிய பிறகு ஒட்டுகிறவர்களுக்கு, துடைத்த துணியே எண்ணெயை எல்லாப் புட்டிகளுக்கும் பரப்பும் கருவியாகிவிடுகிறது. பிளாஸ்டிக் கொள்கலன்களில், வார்ப்பு அச்சிலிருந்து எளிதில் கழன்று வரப் பூசிய பூச்சின் மிச்சமும் இருக்கலாம். பத்துப் புட்டிகளை ஐசோபுரொப்பைல் ஆல்கஹாலால் துடைத்து, ஆறவிட்டு, பத்தைத் துடைக்காமல், இரண்டிலும் ஒட்டிப் பாருங்கள். மறுநாளே விடை கிடைத்துவிடும். முடிந்தால் நிரப்பும் முன்பே ஒட்டிவிடுங்கள்.

குளிர் இன்னொரு காரணம். பசைகளுக்கு இரண்டு வெப்பநிலைகள் குறிப்பிடப்படுகின்றன: ஒட்டும்போது இருக்க வேண்டிய குறைந்த அளவு ஒன்று, ஒட்டிய பிறகு தாங்கும் அளவு மற்றொன்று. பொதுவான நிலையான பசைகள் பலவற்றை 5 முதல் 10 டிகிரி செல்சியசுக்குக் கீழே ஒட்டக் கூடாது. ஆனால் சாதாரணச் சூட்டில் ஒட்டி ஒரு நாள் விட்ட பிறகு அவற்றுள் பல உறைகுளிரையும் தாங்கும். 'குளிர்சாதனப் பெட்டிக்கு ஏற்றது' என்ற சொல்லை நம்பி, குளிர்ந்து வியர்த்த புட்டியின் மேல் ஒட்டுவது, நீரின் மேல் ஒட்டுவதற்குச் சமம். குளிரில் வைத்தே ஒட்ட வேண்டிய கட்டாயம் இருந்தால், அதை அந்தச் சொற்களிலேயே ஆர்டரில் எழுத வேண்டும். பசை முழு வலுப்பெற ஒரு நாள் முதல் மூன்று நாள்வரை ஆகும் என்பதால், ஒட்டிய பத்தாவது நிமிடத்தில் நகத்தால் கிளறிப் பார்த்துத் தீர்ப்புச் சொல்லாதீர்கள்.

இவை எதுவும் இல்லாமல், சிறு குப்பிகளில் மட்டும் ஓரம் எழும்பினால் காரணம் வளைவு. எங்களிடம் ஒருமுறை 16 மில்லிமீட்டர் விட்டமுள்ள கண்ணாடிக் குப்பிகளுக்கு, வெள்ளி நிறத் தடித்த தாளில் லேமினேஷன் செய்த 40 மில்லிமீட்டர் நீள லேபிள்கள் போயின. மாலையில் ஒட்டியவை மறுநாள் காலையில் இரு ஓரமும் விரிந்து, இலை விரிந்ததுபோல் நின்றன. பசையில் குறையில்லை, தாளின் விறைப்பு பசையின் பிடியைவிட வலுவாக இருந்தது. மெல்லிய பிளாஸ்டிக் ஃபிலிமுக்கு மாற்றி, நீளத்தை 55 மில்லிமீட்டராக்கினோம். அந்தக் குப்பியின் சுற்றளவு ஏறத்தாழ 50 மில்லிமீட்டர் என்பதால், கடைசி 5 மில்லிமீட்டர் லேபிளின் மேலேயே ஒட்டியது. அதன்பின் ஒன்றுகூட எழும்பவில்லை. கூர்மூலையுள்ள லேபிளாக இருந்தால், மூலையை 2 அல்லது 3 மில்லிமீட்டர் ஆரத்தில் உருட்டச் சொல்வதும் நல்லது. கூரான மூலைதான் முதலில் விரலில் உராய்ந்து கழலும்.

சுருக்கம் விழுகிறது, குமிழி வருகிறது

ஒரு வெள்ளைத் தாளைக் கொள்கலனைச் சுற்றி இறுக்கிப் பிடியுங்கள். தாளின் இரண்டு முனைகளும் நேராகச் சந்தித்தால் அது உருளை. ஒன்று மேலேயும் மற்றொன்று கீழேயுமாக விலகினால் அது அடி குறுகிய அல்லது வாய் குறுகிய வடிவம். அத்தகைய வடிவத்தில் செவ்வக லேபிள் ஒருபோதும் சுருக்கமின்றி உட்காராது. விசிறிபோல் வளைந்த வெட்டு வேண்டும். அந்தத் தாளிலேயே லேபிள் வர வேண்டிய பகுதியைப் பென்சிலால் வரைந்து, வெட்டி எடுத்து, காலிக் கொள்கலன் ஒன்றோடு சேர்த்து அச்சகத்துக்கு அனுப்புங்கள். பந்துபோல் இரு திசையிலும் வளைந்த பரப்பில் எந்தத் தட்டையான தாளும் முழுமையாகப் படியாது. அங்கே லேபிளைச் சிறிதாக்குவதைத் தவிர வழியில்லை.

குமிழி எப்போது வந்தது என்பதைக் கவனியுங்கள். ஒட்டியவுடன் வந்தால் ஒட்டும் முறையில் தவறு. நடுவில் தொடங்கி ஓரத்தை நோக்கித் தேய்த்தால் காற்று வெளியேறும். ஒட்டியபோது இல்லாமல் மறுநாளோ அடுத்த வாரமோ வந்தால், புதிதாக வார்த்த பிளாஸ்டிக்கிலிருந்து வெளியேறும் வாயு ஃபிலிமுக்கு அடியில் சிக்கியிருக்கலாம். கொள்கலன்களைச் சில நாள் ஆறவைத்துப் பிறகு ஒட்டிப் பாருங்கள். பிழிந்து பயன்படுத்தும் டியூப்களில் தாள் லேபிள் கட்டாயம் மடிப்பு விழும். அவற்றுக்குப் பாலித்தீன் ஃபிலிம்தான் பொருத்தம். அது டியூபோடு சேர்ந்து வளைந்து நிமிரும்.

நிறம் திரையில் கண்டதுபோல் இல்லை

முதலில் லேபிளை எதோடு ஒப்பிடுகிறீர்கள் என்று பாருங்கள். கைப்பேசித் திரை ஒளியை உமிழ்கிறது. தாள் தன்மேல் விழும் ஒளியைத் திருப்பி அனுப்புகிறது. ஆகவே திரையோடு ஒப்பிட்டு அச்சைக் குறை சொல்வதில் பொருளில்லை. ஒப்பிட வேண்டியது, நீங்கள் ஒப்புதல் தந்த அச்சு மாதிரியோடுதான். அதையும் பகல் வெளிச்சத்திலோ, 5000 கெல்வின் விளக்கிலோ பார்க்க வேண்டும். ஏனெனில் ஒரு விளக்கில் ஒன்றாகத் தெரியும் இரண்டு நிறங்கள் மற்றொரு விளக்கில் வேறாகத் தெரிவதுண்டு.

மாதிரியே வாங்காமல் பிடிஎஃப் கோப்பைத் திரையில் பார்த்து ஒப்புதல் தந்திருந்தால், கோப்பைத் திறந்து நிற முறையைப் பாருங்கள். ஆர்ஜிபி (திரையின் சிவப்பு, பச்சை, நீல ஒளி) முறையில் செய்த டிசைன், அச்சுக்காகச் சிஎம்ஒய்கே (சயான், மெஜந்தா, மஞ்சள், கறுப்பு ஆகிய நான்கு மைகள்) முறைக்கு மாறும்போது, பளீரென்ற ஆரஞ்சும் இளம்பச்சையும் மின்னும் நீலமும் அடங்கிப்போகும். நான்கு மைகளின் எல்லைக்குள் அந்த நிறங்கள் இல்லை. கோப்பைத் தொடக்கத்திலேயே சிஎம்ஒய்கே முறையில் அமைத்தால், ஏமாற்றம் அச்சுக்கு முன்பே தெரிந்துவிடும். ஒரு குறிப்பிட்ட நிறம் உங்கள் பொருளின் அடையாளமாக இருந்தால் பான்டோன் (நிறங்களுக்கு எண்ணிட்ட பொது அட்டவணை) எண்ணைக் கொடுங்கள். ஆனால் பல டிஜிட்டல் இயந்திரங்கள் அந்த மையையே ஊற்றாமல் வேறு மைகளைக் கலந்து அதை அணுகுகின்றன என்பதால், 'தனி மையா, கலவையா' என்று கேட்டுத் தெரிந்துகொள்வது அவசியம்.

கோப்பு சரியாக இருந்தும் நிறம் மங்கலாக இருந்தால், தாளையும் மேற்பூச்சையும் பாருங்கள். பூச்சில்லாத தாள் மையை உறிஞ்சிக்கொள்ளும். மேட் லேமினேஷன் கறுப்பைச் சாம்பலாகவும் அடர்நிறங்களைத் தூசி படிந்ததுபோலவும் காட்டும். இதனால்தான் மாதிரியை அச்சிடப்போகும் அதே தாளில், அதே லேமினேஷனோடு கேட்க வேண்டும் என்று சொல்கிறேன். வேறு தாளில் எடுத்த மாதிரியால் எழுத்துப்பிழையைத்தான் கண்டுபிடிக்கலாம்.

ஒளிபுகும் ஃபிலிமிலோ வெள்ளிப் பரப்பிலோ அச்சிட்ட நிறங்கள் கொள்கலனில் ஒட்டியதும் காணாமல் போனால், அடியில் வெள்ளை மை இடப்படவில்லை. சாதாரண மைகள் தாமாகப் பின்புலத்தை மறைப்பதில்லை. எந்தெந்தப் பகுதிக்கு அடியில் வெள்ளை வேண்டும் என்பதைத் தனி அடுக்காக, தனி நிறப் பெயரிட்டு, கோப்பில் வரைந்து கொடுக்க வேண்டும்.

ஓரத்தில் வெள்ளைக் கோடு தெரிகிறது, அல்லது வெட்டு கோணலாக உள்ளது

லேபிளை வெட்டும் கருவியான டை ஒவ்வொரு லேபிளிலும் ஒரே இடத்தில் இறங்குவதில்லை. சிறிதளவு நகர்வது இயல்பு. பின்புல நிறம் வெட்டுக்கோட்டோடு முடிந்திருந்தால், அந்த நகர்வு வெள்ளைக் கோடாகத் தெரியும். பின்புலத்தை வெட்டுக்கோட்டுக்கு வெளியே பொதுவாக 3 மில்லிமீட்டர் நீட்டுங்கள். எழுத்தையும் சின்னத்தையும் கோட்டுக்கு உள்ளே அதே அளவு தள்ளி வையுங்கள். ஓரத்தை ஒட்டி மெல்லிய கட்டம் போடும் பழக்கத்தை விட்டுவிடும்படி நான் எப்போதும் கேட்டுக்கொள்வேன். அரை மில்லிமீட்டர் நகர்வு வேறெங்கும் கண்ணுக்குப் படாது. அந்தக் கட்டத்தில் மட்டும் ஒருபுறம் தடித்தும் மறுபுறம் மெலிந்தும் பளிச்சென்று தெரியும்.

லேபிளைச் சுற்றி இளஞ்சிவப்புக் கோடு அச்சாகி வந்தால், வெட்டுக்கோட்டை டிசைனின் ஒரு பகுதியாக விட்டுவிட்டார்கள். அதைத் தனி அடுக்கில், தனி நிறப் பெயரில், 'மேலச்சு' (ஓவர்பிரிண்ட்) என்று அமைத்து அனுப்ப வேண்டும்.

எழுத்து உடைந்திருக்கிறது, மாறியிருக்கிறது, அடைந்திருக்கிறது

தமிழ் லேபிள்களில் எனக்கு மிகுந்த கவலை தரும் பகுதி இது. அச்சகத்தில் கோப்பைத் திறப்பவர் தமிழ் படிக்கத் தெரியாதவராக இருக்கலாம். அவர் கண்ணுக்கு உடைந்த எழுத்தும் சரியான எழுத்தும் ஒன்றே.

தமிழ் இருக்க வேண்டிய இடத்தில் பொருளற்ற ஆங்கில எழுத்துகள் வந்திருந்தால், பாமினி போன்ற பழைய குறியீட்டு எழுத்துருவில் தட்டச்சு செய்திருக்கிறார்கள். அந்த எழுத்துரு அச்சகத்தின் கணினியில் இல்லாததால், அடியில் ஒளிந்திருந்த ஆங்கில விசைகள் வெளியே வந்துவிட்டன. ஒருங்குறியில் (யூனிகோடு) தட்டச்சு செய்தும், 'கொ' என்பதில் ஒற்றைக்கொம்பு எழுத்துக்குப் பின்னால் போய் நின்றாலோ, 'க்ஷ' என்பது 'க்' 'ஷ' என்று பிரிந்தாலோ, புள்ளி வட்டம் ஒன்று நடுவில் முளைத்தாலோ, மென்பொருள் இந்திய எழுத்துகளைக் கோக்கும் வசதியை இயக்காமல் விட்டிருக்கிறது. டிசைன் மென்பொருளின் பத்தி அமைப்பில் தெற்காசிய மொழிகளுக்கான தேர்வை இயக்கினால் எழுத்துகள் சரியான வரிசைக்கு வந்துவிடும். இரண்டுக்கும் இறுதி மருந்து ஒன்றே: அனுப்பும் முன் எழுத்துகள் அனைத்தையும் வளைகோடுகளாக (அவுட்லைன்) மாற்றிவிட வேண்டும். மாற்றிய பிறகு பிழை திருத்த முடியாது என்பதால், மாற்றாத ஒரு பிரதியை உங்களிடம் வைத்துக்கொள்ளுங்கள். மாற்றிய கோப்பையே மீண்டும் ஒருமுறை படிக்கவும் மறவாதீர்கள். மாற்றும்போதே உடையும் எழுத்துகளும் உண்டு.

அடுத்தது எழுத்தளவு. ஆங்கிலத்தில் 5 புள்ளி (பாயின்ட்) அளவில் படிக்க முடிகிறதே என்று தமிழையும் அதே அளவில் வைத்தால், மெய்யெழுத்தின் மேற்புள்ளி காணாமல் போகும். 'பால்' என்பது 'பால' ஆகும். 'ண'வின் மூன்று சுழிகளும் மை நிரம்பிக் கட்டியாகி, 'ன'வா 'ண'வா என்று தெரியாமல் போகும். உருப்பெருக்கிக் கண்ணாடியால் உங்கள் லேபிளில் உள்ள ஒரு 'ணை'யைப் பாருங்கள். சுழிகளுக்குள் வெள்ளை தெரியவில்லை என்றால் அளவு போதாது. என் அனுபவத்தில் தமிழுக்கு 7 புள்ளிக்குக் கீழே போவது ஆபத்து. கருநிறப் பின்புலத்தில் வெள்ளை எழுத்து என்றால் மை உள்நோக்கிப் பரவி எழுத்தை மெலிக்கும் என்பதால், 8 புள்ளியும் சற்றுத் தடித்த எழுத்துருவும் வேண்டும். பொருட்களின் பட்டியல், எச்சரிக்கை போன்றவற்றுக்கு பல நாடுகளில் குறைந்தபட்ச எழுத்து உயரம் சட்டத்தில் இருக்கிறது; அதை டிசைனரிடம் விட்டுவிடாமல் நீங்களே பார்த்து எழுதிக் கொடுங்கள்.

சிறு கறுப்பு எழுத்துகளின் ஓரத்தில் சிவப்போ நீலமோ நிழலாகத் தெரிந்தால், அந்தக் கறுப்பு நான்கு மைகளின் கலவையாக அமைந்திருக்கிறது. எழுத்துக்குக் கறுப்பு மை ஒன்றே போதும். எழுத்தும் படமும் சேர்ந்து மங்கலாக இருந்தால், கோப்பு படமாக்கப்பட்டு, செய்திச் செயலி வழியாகச் சுருங்கி வந்திருக்கலாம். நிழற்படங்கள் அச்சாகும் அளவிலேயே அங்குலத்துக்கு 300 பிக்சல் இருக்க வேண்டும். சின்னமும் எழுத்தும் வெக்டார் (எவ்வளவு பெரிதாக்கினாலும் மங்காத கோட்டு வரைவு) வடிவில் இருக்க வேண்டும். மங்கலான படத்தை இழுத்துப் பெரிதாக்கி எண்ணிக்கையை மட்டும் 300 ஆக்குவதால் எந்தத் தெளிவும் வராது.

மை அழிகிறது

மூன்று சோதனைகள் செய்யுங்கள். உலர்ந்த கட்டைவிரலால் இருபது முறை தேயுங்கள். ஈரத்துணியால் இருபது முறை தேயுங்கள். பிறகு, உள்ளே இருக்கப்போகும் பொருளில் ஒரு துளியை லேபிளின் மேல் விட்டுப் பத்து நிமிடம் கழித்துத் துடையுங்கள். ஈரத்தில் மட்டும் கலைந்தால், நீரில் கரையும் இங்க்ஜெட் மை. பொருளின் துளியில் மட்டும் கலைந்தால், அதிலுள்ள ஆல்கஹாலோ நறுமண எண்ணெயோ மையைக் கரைக்கிறது. லேமினேஷன் இல்லாமல் அந்தப் பொருளுக்கு லேபிள் நிற்காது. ஒட்டும் டேப்பை அழுத்தி வெடுக்கென்று உரித்தால் மை டேப்போடு வந்துவிடுகிறது என்றால், மை ஃபிலிமைப் பிடிக்கவே இல்லை. இது அச்சகத்தின் பொறுப்பு, தயங்காமல் சொல்லுங்கள்.

மை அழியாமல், தாளின் ஓரம் மட்டும் எண்ணெய் ஊறிக் கண்ணாடிபோல் ஆனால், லேமினேஷன் மேலே இருந்தும் வெட்டிய ஓரம் திறந்திருக்கிறது என்பதே காரணம். எண்ணெயும் நீரும் படும் பொருளுக்குத் தாளை விட்டு, பாலிபுரொப்பிலீன் ஃபிலிமுக்கு மாறுங்கள். கறுப்பு எழுத்துகள் மட்டும் சில வாரங்களில் வெளிறினால், அவை மை ரிப்பன் இல்லாத வெப்ப அச்சில் வந்தவை; அந்தத் தாள் சூட்டிலும் வெயிலிலும் நிறமிழக்கும். நீண்ட நாள் இருக்க வேண்டிய லேபிளுக்கு ரிப்பன் வைத்த வெப்ப அச்சே ஏற்றது.

பார்கோடு படிக்கவில்லை

கைப்பேசி படித்துவிட்டது என்பதால் கடையின் ஸ்கேனரும் படிக்கும் என்று எண்ணாதீர்கள். கைப்பேசி படமெடுத்து ஊகித்துப் படிக்கிறது. அளவுகோலை எடுத்து அளந்து பாருங்கள். சில்லறைப் பொருட்களில் வரும் 13 இலக்க இஏஎன் பார்கோடு, முழு அளவில், இருபுற வெற்றிடத்தோடு 37.29 மில்லிமீட்டர் அகலமும் 25.93 மில்லிமீட்டர் உயரமும் கொண்டது. அதை 80 சதவீதம்வரைதான் சுருக்கலாம். அதாவது அகலம் ஏறத்தாழ 30 மில்லிமீட்டருக்குக் குறையக் கூடாது. முழு அளவில் இடப்புறம் 3.63, வலப்புறம் 2.31 மில்லிமீட்டர் வெற்றிடம் கட்டாயம். அந்த வெற்றிடத்தில் பூவேலையோ கட்டமோ நுழைந்திருப்பதையே நான் அதிகமாகத் திருத்தியிருக்கிறேன்.

அளவு சரியென்றால் நிறத்தைப் பாருங்கள். கடைகளில் உள்ள பல ஸ்கேனர்கள் சிவப்பு ஒளியில் படிப்பதால், சிவப்பிலும் ஆரஞ்சிலும் வரைந்த கோடுகள் அவற்றுக்கு வெள்ளையாகவே தெரியும். பளபளக்கும் வெள்ளிப் பின்புலம் ஒளியை வேறு திசையில் வீசிவிடும். அதன் மேல் நேராக அச்சிடாமல், வெள்ளைக் கட்டம் ஒன்றை அடியில் இட வேண்டும். கோடுகள் ஒரே மையில், முடிந்தால் கறுப்பில் இருக்கட்டும்.

நிறமும் சரியென்றால் திசை. சிறு விட்டமுள்ள புட்டியில், கோடுகள் வேலிக்கம்புகள்போல் நின்றால் கடைசிக் கோடுகள் வளைவில் மறைந்துவிடும். ஏணிப்படிகள்போல் ஒன்றன்மேல் ஒன்றாக அடுக்கி வையுங்கள். வளைவு எந்தக் கோட்டையும் விழுங்காது.

உங்கள் அலுவலகத்திலேயே வெப்ப அச்சியந்திரத்தில் பார்கோடு அடிப்பவர்கள் ஒரு கணக்கைக் கவனிக்க வேண்டும். அங்குலத்துக்கு 203 புள்ளி அச்சிடும் இயந்திரத்தில் ஒரு புள்ளி 0.125 மில்லிமீட்டர். பார்கோட்டின் மிக மெல்லிய கோடு முழுப் புள்ளிகளால் ஆனதாக இருந்தாக வேண்டும். இரண்டு புள்ளி வைத்தால் 0.25 மில்லிமீட்டர், 80 சதவீதத்துக்குரிய 0.264 மில்லிமீட்டரைவிட அது குறைவு. ஆகவே மூன்று புள்ளி, அதாவது 0.375 மில்லிமீட்டர் வைத்து, அதற்கேற்ற பெரிய இடத்தை டிசைனில் ஒதுக்குங்கள். இடையிலுள்ள ஏதோ ஓர் அளவுக்கு இழுத்துப் பொருத்தினால் சில கோடுகள் தடித்தும் சில மெலிந்தும் விழும். கண்ணுக்கு அழகாகத் தெரிந்தும் ஸ்கேனர் மறுத்துவிடும்.

கியூஆர் குறியீட்டுக்கு நான்கு புறமும் அதன் நான்கு சிறு கட்டங்களின் அகலத்துக்கு வெற்றிடம் விடுங்கள். அது போய்ச் சேரும் முகவரி திறக்கிறதா என்பதை, அச்சுக்கு முந்தைய மாதிரியிலேயே திறந்து பாருங்கள்.

நாளும் தொகுதி எண்ணும் ஒட்டவில்லை

லேமினேஷனும் வார்னிஷும் மேலிருந்து வரும் மையைப் பெரும்பாலும் ஏற்க மறுப்பவை. தயாரித்த நாள், தொகுதி எண் ஆகியவற்றைப் பின்னர் முத்திரையாகவோ ரிப்பன் அச்சாகவோ இடப்போகிறீர்கள் என்றால், அந்த இடத்தை வார்னிஷ் இல்லாத சன்னலாக விடச் சொல்லுங்கள். எந்தக் கருவியால் இடப்போகிறீர்கள் என்பதையும் எழுதுங்கள். வந்துவிட்ட சரக்குக்கு, ரெசின் வகை ரிப்பனை முயன்று பார்க்கலாம்; இல்லையென்றால் நாளைக் கொள்கலனின் அடியில் அடிப்பதே வழி.

ரோல் இயந்திரத்தில் ஓடவில்லை

ரோல் இயந்திரத்தில் ஏறவே இல்லை என்றால் உட்குழலின் விட்டம் பொருந்தவில்லை. பெரிய இயந்திரங்கள் பெரும்பாலும் 76 மில்லிமீட்டர் குழலையும், மேசை அச்சியந்திரங்கள் பல 25 மில்லிமீட்டர் குழலையும் ஏற்கும். லேபிள் தலைகீழாக வெளிவந்தால் சுற்றும் திசை மாறியிருக்கிறது. எண்ணிட்ட திசை அட்டவணைகள் அச்சகங்களிடம் இருந்தாலும், நான் அவற்றை மட்டும் நம்பமாட்டேன். இயந்திரத்தில் இப்போது நன்றாக ஓடும் ரோலைப் படமெடுத்து, எந்தப் பக்கம் முதலில் வருகிறது என்று அம்புக்குறியிட்டு அனுப்புவது பாதுகாப்பு.

லேபிளின் நீளத்தை இயந்திரம் தவறாக எண்ணினால், இடைவெளியை உணரும் கண் குழம்புகிறது. ஒளிபுகும் லேபிளும் ஒளிபுகும் பின்தாளும் சேர்ந்தால் அதற்கு இடைவெளி தெரியாது. பின்தாளில் கறுப்புக் குறி அச்சிடச் சொல்ல வேண்டும். பின்தாள் ஓட்டத்தில் அடிக்கடி அறுந்தால், டை ஆழமாக வெட்டியிருக்கலாம். லேபிள் உரித்த இடத்தில், வெட்டுத்தடத்தின் மேல் மார்க்கர் பேனாவால் தேய்த்துவிட்டுப் பின்தாளைத் திருப்பிப் பாருங்கள். மை மறுபக்கம் கோடாக ஊறித் தெரிந்தால் வெட்டு பின்தாளுக்குள் இறங்கிவிட்டது. இதுவும் அச்சகத்தின் தவறுதான். ரோலின் பக்கங்கள் பிசுபிசுத்தால் சூட்டில் வைத்திருக்கிறீர்கள்; 20 முதல் 25 டிகிரி செல்சியசில், வெயில் படாமல், பையில் மூடி வையுங்கள்.

எண்ணிக்கை குறைகிறது, அல்லது மறு அச்சில் நிறம் மாறுகிறது

கேட்ட எண்ணிக்கையைவிடச் சற்றுக் கூடவோ குறையவோ வழங்கும் உரிமையைப் பல அச்சகங்கள் தங்கள் விதிமுறையில் எழுதிவைத்திருக்கின்றன; 5 அல்லது 10 சதவீதம் என்பது வழக்கம். குறையவே கூடாது என்றால் 'குறைந்தது இத்தனை' என்று எழுதுங்கள். பல மணம், பல அளவு என்று வகைகள் இருந்தால், ஒவ்வொன்றின் எண்ணிக்கையையும் தனித்தனியே குறிப்பிடாவிட்டால் மொத்தம் சரியாகவும் வகைகள் தவறாகவும் வந்து சேரும். மறு அச்சில் நிறம் மாறாமலிருக்க, முதல் அச்சின் நல்ல லேபிள்களில் சிலவற்றில் நாளிட்டுக் கையெழுத்திட்டு, ஒளி புகாத உறையில் வைத்து, அவற்றையே ஒப்பிட வேண்டிய மாதிரியாகக் கொடுங்கள். பழைய புட்டியிலிருந்து உரித்தெடுத்த லேபிள் ஏற்கெனவே வெளிறியிருக்கும்.

மறு அச்சு கேட்கும்போது

ஒப்புதல் தந்த மாதிரியில் இருந்த எழுத்துப்பிழைக்கு அச்சகம் பொறுப்பேற்காது; கேட்பதும் முறையன்று. மை உரிவது, டை ஆழமாக வெட்டுவது, மைகள் ஒன்றோடொன்று விலகி விழுவது, ஒப்புதல் மாதிரியிலிருந்து நிறம் தெளிவாக மாறுவது ஆகியவை அச்சகத்தின் பக்கம். லேபிள் கழலும் வழக்குகளில்தான் இழுபறி வரும். கொள்கலனின் பிளாஸ்டிக் எண், ஒட்டும் சூழலின் வெப்பநிலை, உள்ளே இருக்கும் பொருள் ஆகிய மூன்றையும் ஆர்டரில் எழுதியிருந்தால், பொருத்தமான பசையைத் தேர்ந்தெடுக்கும் பொறுப்பு அவர்களுடையது என்று உறுதியாகச் சொல்ல முடியும். எழுதாமல் விட்டிருந்தால் அதை ஒப்புக்கொண்டு, செலவைப் பகிரும் பேச்சைத் தொடங்குவதே இருவருக்கும் நல்லது.

கடிதத்தில் வேலை எண், பெற்ற நாள், எத்தனை லேபிள் ஒட்டியதில் எத்தனை கழன்றன என்ற கணக்கு, செய்த சோதனைகளின் முடிவு ஆகியவற்றை எழுதுங்கள். அளவுகோலைப் பக்கத்தில் வைத்துப் படமெடுங்கள். தொடக்கத்தில் எடுத்து வைத்த இருபதில் ஐந்தைப் பின்தாளோடும், ஐந்தைக் கொள்கலனில் ஒட்டிய நிலையிலும் அனுப்பிவிட்டு, மீதிப் பத்தை, விடை வரும்வரை உங்களிடமே வைத்துக்கொள்ளுங்கள்.